அந்தச் சட்டையை நான்தான் கொடுத்தேன்

இசக்கி,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் என் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சில மேலே ஏறுகின்றன, சில கீழே தொங்குகின்றன. இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பழகிய கை பேனாவையும் அழுத்துகிறது. தாளைத் திருப்பித் தடவினால் முன்பக்கம் எழுதியது பின்பக்கம் முள்ளு முள்ளாகத் தட்டுப்படும். ஒரு பக்கம் எழுத ஒரு வீட்டு மூட்டை தேய்க்கிற நேரம் ஆகிறது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: எனக்கு இது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியில் மாலை வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு, தேய்த்த துணியைச் சுற்றிக் கொடுக்கிற பழைய பேப்பரை வாசிக்காமல் மடிக்க முடிவதில்லை. போன மாதம் பெய்த மழையை இன்றுதான் பெய்தது போல வாசித்துக்கொண்டு நிற்கிறேன். துணிக்கு வந்தவர் காத்திருக்கிறார். "அண்ணாச்சி, சட்டையைக் குடுங்க, நியூஸ நான் டிவில பாத்துக்கிடுதேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். உன் அம்மாவுக்குக் கோபம். "அறுபது வயசுக்கு மேல கண்ணு தெறந்து இப்ப யாவாரம் கெடுது" என்கிறாள். அவள் கோபத்தையும் எழுத்தில் போட முடிகிறது பார், அதுவே எனக்கு ஆச்சரியம்.

உனக்கு எழுதுகிற முதல் கடிதத்தில் இந்தச் சந்தோஷத்தை மட்டும் எழுத வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அது நடக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் போனில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. நீ வைத்துவிட்டாய். அதன் பிறகு நான் கூப்பிட்டபோது நீ எடுக்கவில்லை. உன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற முடிவு திங்கட்கிழமை, அதுவரை அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாய். சரி, பேசவில்லை. எழுதுகிறேன். போனில் பேசாமல் இருந்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். தாளில் எழுதாமல் விட்ட இடம் வெள்ளையாகக் கண்ணில் படும். நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: அந்த விளாத்திகுளத்துப் பையன் பாலமுருகன், நம்மிடம் துணி போடுகிற மேனேஜரின் சட்டையை என் இஸ்திரி வண்டியிலிருந்து எடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். அது தன் சட்டைதான் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன், ஏனென்றால் நீ கோபத்தில் பாதியில் கிழித்துப் போட்டாலும் இது உன் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

இனி நடந்தது. புதன்கிழமை காலையில் ஆபீஸ் கார் வந்து நீ ஏறிப் போனாய். கறுப்பு டீ ஷர்ட், சாயம் வெளுத்த ஜீன்ஸ், காலில் செருப்பு. இந்த ஊரில் உங்கள் கம்பெனி கிளை திறப்பதற்கு ஆள் எடுக்க வந்திருக்கிறாய் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அந்த டீ ஷர்ட்டையாவது நான் தேய்த்துத் தருகிறேன் என்று முந்தின நாள் கேட்டேன். "வேண்டாம்பா, இது இப்படியே போடுறதுதான்" என்றாய். சரி என்று வண்டிக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் விளாத்திகுளம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பையன் வந்தான். தோளில் ஒரு பை. உடம்பில் ஒரு டீ ஷர்ட். நெஞ்சில் ஏதோ காலேஜ் விழாவுக்கு அச்சடித்த படம் பாதி உரிந்து கிடந்தது. கக்கத்தில் தையல் விட்டு, வேறு நிற நூலால் தைத்திருந்தது.

"அண்ணாச்சி, பைபாஸ் ரோட்டுல புதுசா கண்ணாடிக் கட்டடம் கட்டிருக்காங்கல்லா, அங்கன போவ எந்த பஸ்ல ஏறணும்?"

"அங்க உனக்கு என்ன சோலி?"

"இன்டர்வியூ அண்ணாச்சி."

"இந்தக் கோலத்துலயா?"

அவன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். "அங்க எல்லாரும் டீ ஷர்ட்தான்னு கூட்டாளி சொன்னான். சட்டை போட்டுட்டுப் போனா சிரிப்பாங்களாம்."

"ஏலே, வேலை குடுக்குதவன் எப்படியும் வருவான். கேக்கப் போறவன் அப்படிப் போலாமா? உன் கூட்டாளியா வேலை போட்டுக் குடுக்கப் போறான்?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. பஸ்ஸில் வந்தபோது இருந்த தைரியம் என் ஒரு வார்த்தையில் இறங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்குச் சந்தோஷம்தான். நான் சொல்வதை அவன் கேட்கிறான் என்ற சந்தோஷம். வண்டியில் மேலாக இருந்தது மேனேஜர் வீட்டு வெள்ளை முழுக்கைச் சட்டை. துறைமுகத்துச் சரக்குக்கு கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தருகிற கிளியரிங் ஆபீசில் மேனேஜராக இருக்கிறாரே, அவர்தான். அவர் சட்டைக்கு எப்போதும் கஞ்சி கூடுதல். இந்த ஊர்க் கடல்காற்றில் பத்து மணிக்கே சட்டை துவண்டுவிடும் என்பதால், கஸ்டம்ஸ் ஆபீசுக்குப் போகிற நாளில் அட்டை மாதிரி நிற்க வேண்டும் என்பார். பையனுக்கும் அதே உடம்பு. எடுத்து நீட்டினேன்.

"யார் சட்டை அண்ணாச்சி?"

"யார் சட்டையா இருந்தா உனக்கென்ன? போயிட்டு வந்து குடு. எவனாவது கேட்டா என் சட்டைன்னு சொல்லு. சட்டைக்காரர் காதுக்குப் போச்சுன்னா என் பொழப்புல மண்ணு."

வண்டிக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டு, தன் டீ ஷர்ட்டை என்னிடமே விட்டான். கொஞ்சம் தயங்கித்தான் போட்டான், அதையும் எழுத வேண்டும். நான் அவன் முதுகுப் பக்கம் சட்டையை இழுத்து உள்ளே சொருகிவிட்டேன். நெஞ்சில் இரண்டு மடிப்பும் கத்தி மாதிரி நின்றன. அவனுக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கப் போகிறவர்களில் நீயும் ஒருத்தி என்று எனக்குத் தெரியும். அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சிபாரிசு போல ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது, இசக்கி. உன் உடம்பில் என் மடிப்பு விழுந்து ரொம்ப வருடம் ஆகிவிட்டது. உன் எதிரே நிற்கிறவன் உடம்பிலாவது நீ அதைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நீ பார்த்தாய். நான் நினைத்த மாதிரி இல்லை.

நம் தொழிலில் இப்படிக் கொடுப்பது புதிது இல்லை என்று உனக்குத் தெரியும். வெளுக்க வந்த துணி முகூர்த்த நாளில் ஊர் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து பெட்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். என் அப்பன் காலத்தில் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் உடுத்தியதெல்லாம் அடுத்தவர் துணிதான். அதைத் தப்பு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நீ ஒருத்திதான் சொன்னாய். கோயில் கொடைத் திருவிழாவில் பச்சைப் பாவாடை கட்டி நடந்தபோது, டாக்டர் வீட்டுப் பிள்ளை உன்னைக் கைகாட்டி, "அம்மா, என் பாவாடை நடந்து போகுது" என்று சொன்னதை நீ மறக்கவில்லை. முதல் சம்பளம் வந்த மாதம் என்னை உட்கார வைத்து, "இனி ஒரு துணியும் வண்டியை விட்டு இரவல் போகக்கூடாதுப்பா" என்று சத்தியம் வாங்கினாய். அதிலிருந்து புதன்கிழமை வரை நான் கொடுக்கவில்லை. போனில் நீ கேட்டபோது என் வாயை அடைத்தது அந்தச் சத்தியம்தான்.

அன்று மத்தியானம் நான் பட்டதைக் கேள். பையன் திரும்பவில்லை. மேனேஜர் வீட்டு டிரைவர் வந்து நிற்கிறார்.

"அண்ணாச்சி, சாரோட வெள்ளைச் சட்டை எங்க? சாயங்காலம் கஸ்டம்ஸ்ல மீட்டிங்."

"கஞ்சி காயலைய்யா."

"இந்த வெயில்லயா? கடற்கரையில கருவாடே காஞ்சு கம்பாக் கெடக்கு. சட்டை காயலையா?"

"முழுக்கைச் சட்டைல்லா, நாளைக்கு வாங்க."

அவர் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தார். கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேறு ஒரு நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே ஏறிட்டுப் பார்த்து, ஒரு தலையணை உறையைப் பொசுக்கிவிட்டேன். இன்டர்வியூ இழுத்துவிட்டது, அவன் அங்கிருந்தே கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டான் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

சாயங்காலம் நீ வந்தாய். செருப்பைக் கூடக் கழற்றாமல், "மேனேஜர் வீட்டுத் துணி எல்லாம் குடுத்தாச்சாப்பா?" என்று கேட்டாய். எத்தனையோ வருடமாக நீ வண்டித் துணியைப் பற்றிக் கேட்டதில்லை. "நாளைக்குக் குடுக்கணும்" என்றேன். அம்மா உனக்குப் பிடிக்குமே என்று வாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். நீ தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாய். அப்புறம் வாசலில் நின்று உங்கள் ஆபீஸ் ஆளிடம் பேசினாய். போனைக் கையில் பிடித்து உரக்கப் பேசும்படி வைத்திருந்ததால் அந்த ஆள் பேசியதும் கேட்டது. "அந்த ஒயிட் சட்டை ஆளா? கஸ்டமர்கிட்ட லோன் விக்க வந்தவர் மாதிரி இருந்தாரே" என்று அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். "டிரெஸ்ஸ விடுங்க. வேலை தெரியுது. ஆனா ஒரு சின்ன விஷயத்துல முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லுதான். நாளைக்கு பெரிய விஷயத்துல என்ன சொல்லுவான்? வேண்டாம்" என்றாய். யாரைச் சொல்கிறாய் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரியாமல் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன் போல. மறுநாள் விடிந்ததும் நீ சென்னைக்குக் கிளம்பிவிட்டாய்.

நீ போன அன்று மத்தியானம் அவன் வந்தான். சட்டையை அவனே துவைத்து, வீட்டில் எவர்சில்வர் சொம்பில் வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கொண்டுவந்திருந்தான். மடிப்பு கண்ட இடத்தில் விழுந்திருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"என்னலே, எப்படிப் போச்சு?"

"கேட்டதெல்லாம் சொன்னேன் அண்ணாச்சி. போர்டுல எழுதச் சொன்னாங்க. கஞ்சி போட்ட கை மடங்கவே மாட்டேன்னுட்டு. முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுட்டு எழுதுனேன். ஒரு மேடம் எழுந்து பக்கத்துல வந்தாங்க. போர்டைப் பாக்காங்கன்னு நெனச்சேன். என் கையையே பாத்தாங்க. இது உங்க சட்டையான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதைத்தான். ஆமான்னேன். திரும்ப ஒருக்கக் கேட்டாங்க. திரும்பவும் ஆமான்னேன். அதுக்கப்புறம் அவங்க ஒண்ணுமே கேக்கல."

"மேடம் எப்படி இருந்தாங்க?"

"கறுப்பு டீ ஷர்ட்."

எனக்குக் கையிலிருந்த பெட்டியைத் தாங்கியில் வைக்கத் தோன்றவில்லை. மேனேஜர் காலரில் குறி போடக்கூடாது என்று சொல்லியிருப்பதால், அவர் சட்டைக்கெல்லாம் கைப்பட்டையின் உள்பக்கம் குறி போடுகிறேன். ஒரு கோடு, மேலே இரண்டு புள்ளி. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் எனக்கு இருந்த எழுத்து அந்தக் குறிகள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவற்றைப் பார்த்து வீடு வீடாகத் துணி பிரித்துக் கொடுத்தவள் நீ. கையை மடித்ததும் குறி வெளியே வந்திருக்கிறது. அவன் யார் சட்டையில் நிற்கிறான், யார் வண்டியிலிருந்து போன சட்டை அது, எல்லாம் உனக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கிறது. அவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

அவன் போனை எடுத்தான். "மனசு கேக்கல அண்ணாச்சி. ராத்திரி அந்த மேடத்துக்கு மெயில் போட்டுட்டேன்" என்று சொல்லி, இங்கிலீஷில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னான். சட்டை என்னுடையது இல்லை, இரவல் வாங்கியது, நீங்கள் கேட்டபோது உண்மையைச் சொல்லாதது என் தப்பு, என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான்.

"நான் சொல்லச் சொன்னேன்னு எழுதலையா?"

"உங்க பேரை எதுக்கு இழுக்கணும்? சட்டைக்காரருக்குத் தெரிஞ்சா பொழப்பு போயிரும்னு சொன்னீங்கள்லா. சொன்னது என் வாய்தான்."

அப்போதுதான் சொன்னேன், அந்த மேடம் என் மகள் என்று. "அப்ப மேடம் வீட்டு வண்டிச் சட்டையவா மேடத்துக்கிட்டயே என் சட்டைன்னேன்?" என்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாத ஒரு முகம். பிறகு கோபம் வந்தது. வர வேண்டியதுதான். "நான் என் டீ ஷர்ட்டுலயே போயிருப்பேன் அண்ணாச்சி. அங்க எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க. நீங்கதான் கோலம் கீலம்னு சொல்லி..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு தன் டீ ஷர்ட்டை வாங்கிப் பையில் வைத்தான். போகும்போது, "மேடத்துக்கிட்ட எனக்காகப் பேசாதீங்க. சிபாரிசுக்கு வந்தவன்னு ஆயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் பஸ் ஏறின பிறகுதான் உனக்குப் போன் போட்டேன். நான் வாய் திறப்பதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். "அந்தப் பையன் மெயில் போட்டிருக்கான்ப்பா. மாட்டிக்கிட்டதுக்கப்புறம் ஒத்துக்கிடுறது நேர்மை இல்ல, பயம். இரவல்னு எழுதிருக்கான், யார்கிட்டன்னு எழுதலை. அது மேனேஜர் சட்டை. நம்ம வண்டியில இருந்து போயிருக்கு. சொல்லுங்க, நீங்க குடுத்தீங்களா, நீங்க பாக்காதப்ப அவனா எடுத்துட்டுப் போனானா?" அந்த நேரம் பார்த்து மேனேஜர் வீட்டு டிரைவர் வெள்ளைச் சட்டைக்காக வண்டிப் பக்கத்தில் வந்து நிற்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன், போனைக் காதில் வைத்திருக்கிறேன், பேசவில்லை. "சரிப்பா, வைக்கேன்" என்று நீ வைத்துவிட்டாய். நான் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒருவன் திருடனாகிவிட்டான். வெள்ளைச் சட்டையைத் திரும்பத் தேய்த்து டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

நான் உனக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. இருந்தாலும் மனதில் கிடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். சென்னையில் உன் முதல் இன்டர்வியூவுக்கு நான் தேய்த்துக் கொடுத்த சுடிதார் ஞாபகம் இருக்கிறதா? துப்பட்டாவை மடிப்பு மடிப்பாக எடுத்து ஊக்கு குத்தி அனுப்பினேன். வாசலில் இருந்த பெண், "கிரெடிட் கார்டு விக்கிறவங்களுக்கு உள்ள அனுமதி இல்லை" என்று உன்னைத் திருப்பிவிடப் பார்த்தாள். அதைப் போனில் சொல்லிச் சிரித்தாய். உள்ளே எல்லாரும் கசங்கிய சட்டையில் இருந்தார்கள், நான் ஒருத்திதான் அட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்றாய். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த மாதம் டீ ஷர்ட் வாங்கினாய். அதற்கு அப்புறம், "எங்க ஆபீஸ்ல யாரும் டிரெஸ் பாக்கமாட்டாங்கப்பா, எங்க பெரியவரே அரைக்கால் டவுசர்ல மீட்டிங்குக்கு வாராரு" என்று பெருமையாகச் சொல்லுவாய். "பாவம், அவர் வீட்டுல துவைச்சுப் போட ஆள் இல்லையா" என்று உன் அம்மா கேட்டாள். நான் அன்று ஒன்றும் கேட்கவில்லை, இன்று கேட்கிறேன். பெரியவர் டவுசரில் வரலாம். வாசலில் நிற்கிற காவல்காரர் டவுசரில் வரலாமா? டீ குடுக்கிற அம்மா? உங்கள் ஆபீசிலும் பார்க்கத்தான் செய்கிறார்கள். எங்கள் காலத்தில் மடிப்பு இல்லையென்றால் குறை. உங்களிடம் மடிப்பு இருந்தால் குறை. டீ ஷர்ட் எல்லாம் ஒன்று என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. உன் கறுப்பு டீ ஷர்ட்டை ஒருநாள் கொடியிலிருந்து எடுத்து மடித்தேன். கையில் நிற்கவில்லை, அப்படி ஒரு மென்மை. அவனுடையது கக்கத்தில் தைத்தது. இரண்டையும் யாரும் ஒரே மாதிரி பார்ப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. நான் அவனை அந்தக் கோலத்தில் அனுப்பப் பயந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பயம் சரிதான். செய்த காரியம்தான் தப்பு.

நீயும் ஒன்று சொல்லலாம்: "நான் அவன் சட்டையைப் பார்த்து ஒதுக்கவில்லை, பொய்யைப் பார்த்து ஒதுக்கினேன்." அது உண்மை. போனில் அந்த ஆளோடு நீ சேர்ந்து சிரிக்கவில்லை என்பதை நான் பிடித்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்த மேசைக்கு எதிரே நின்ற பொய் அவனுடையது இல்லை. சட்டையோடு சேர்த்து நான் அவனுக்குப் போட்டுவிட்டது. சட்டையைக் கழற்றின அன்று ராத்திரியே அதையும் அவன் கழற்றி வைத்துவிட்டான். மாட்டிக்கொண்ட பயத்தில் ஒத்துக்கொண்டான் என்கிறாய். குறியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் வியாழக்கிழமை சொல்கிற வரை, தான் மாட்டிக்கொண்டதே அவனுக்குத் தெரியாது. அவன் மெயில் போட்டது புதன்கிழமை ராத்திரி. இதை ஒருமுறைக்கு இரண்டு முறை வாசி.

நேற்று சாயங்காலம் மேனேஜர் வீட்டுக்குப் போனேன். உனக்கு இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் அங்கே போய்ச் சொல்லாவிட்டால், இன்னொரு இடத்தில் ஒளித்துக்கொண்டு உன்னிடம் மட்டும் நல்லவனாக இருக்கிறேன் என்று ஆகும். அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பனியனும் லுங்கிச் சாரமுமாக இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. சட்டை இல்லாமல் பார்த்தால் அவரும் நம் தெருவில் யாரோ ஒருவர் மாதிரிதான் இருந்தார், அதனால் சொல்வது கொஞ்சம் லேசாக இருந்தது. சொன்னேன்.

"எத்தனை தடவை இப்படிப் போயிருக்கு?" என்று கேட்டார்.

"முன்னால போயிருக்கு சார். எம் மக சத்தியம் வாங்குன பெறவு இது ஒண்ணுதான்."

"எவன் உடம்புலயோ கெடந்த சட்டையைத்தான் போட்டுட்டு நான் கஸ்டம்ஸ்ல போய் நின்னிருக்கேனா?"

உள்ளே அவர் சம்சாரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "வயசாளின்னு பாக்கேன். நாளையில இருந்து துணி வராது" என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை. இன்று காலையில் அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் தேய்க்காத துணியைக்கூடத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உன் அம்மா என்னோடு பேசவில்லை. பேனாவைக் கீழே வைக்கும்போதெல்லாம் டீயை மட்டும் கொண்டுவந்து டக்கென்று வைக்கிறாள். இதை உன் மனம் இளக வேண்டும் என்று எழுதவில்லை. நீ அவனைப் பற்றி யோசிக்கும்போது, அப்பா தன் பிழைப்புக்காகத்தான் மறைக்கிறார் என்று ஒரு சந்தேகமும் இருக்கக்கூடாது. மறைக்க இனி ஒன்றும் இல்லை.

அவனுக்கு வேலை கொடு என்று நான் கேட்கவில்லை. தனக்காகப் பேச வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். உங்கள் வேலை எனக்குத் தெரியாது. அவனைவிடக் கெட்டிக்காரன் வந்திருந்தால் அவனை எடு. அவன் பெயருக்கு நேரே பொய் சொல்கிறவன் என்று நீ மனதில் எழுதி வைத்திருப்பாய். அதை மட்டும் அடித்துவிடு. அங்கே எழுதவேண்டிய பெயர் என்னுடையது. நியாயம் என்று உனக்குப் பட்டால் திங்கட்கிழமை முடிவு செய்வதற்கு முன்னால் அவனை ஒருமுறை போனிலாவது கூப்பிட்டு, நீ பாதியில் நிறுத்திய கேள்விகளைக் கேள். அவன் தன் சட்டையில் இருக்கும்போது கேள்.

கொரியர் கடைக்காரர் இன்று கொடுத்தால் திங்கட்கிழமை காலையில் உன் மேசைக்கு வந்துவிடும் என்கிறார். கடையை அடைக்கப் போகிறேன் என்று இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். நீ பேசினாலும் பேசாவிட்டாலும் அடுத்த வாரமும் நான் எழுதுவேன். எத்தனை வீட்டுத் துணி நின்றது, எத்தனை திரும்ப வந்தது, எதையும் மறைக்காமல் எழுதுவேன். உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் போனில் சொல்லாதே, நீயும் எழுது. இதுவரை எனக்கு என்று ஒரு கடிதம் யாரும் போட்டதில்லை. முதலில் வருவது என்னைத் திட்டி வருகிற கடிதமாக இருந்தாலும் சரி. யார் கையிலும் கொடுத்து வாசிக்கச் சொல்ல மாட்டேன். எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் நானே வாசிப்பேன்.

உன் அப்பா